முன்கை அட்டை

மூன்றாவது வளைவு வரை லாரி ஒழுங்காகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே கணினிக்கு மூச்சு வாங்கியது. திரையில் மலை நின்றது, மேகம் நின்றது, எதிரே வந்த பேருந்து பாதி உடம்போடு நின்றது. எல்லாம் மறுபடி அசைந்தபோது இந்துஜாவின் லாரி தேயிலைத் தோட்டத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது.

“மறுபடியும் கவுத்தாச்சா?” என்று சமையலறையிலிருந்து அவள் கணவன் பரணிதரன் கேட்டான். “இன்னிக்கு யாரோட தோட்டம்?”

“நான் கவுக்கல மாமா. இந்தப் பெட்டி கவுத்துச்சு.”

“எல்லா டிரைவரும் இதத்தான் சொல்றாங்க அம்மணி.”

‘கொண்டை ஊசி’ என்ற அந்த விளையாட்டைக் கோயம்புத்தூரில் அப்போது ஆடாத வீடு குறைவு. சரக்கு லாரியை மலையிலிருந்து கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நிஜமான காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் லாரிகள் சமவெளியில் தாமாகவே ஓடப் பழகிவிட்டன. மலையில் மூடுபனி இறங்கினால் மட்டும் அவற்றின் கண் மங்கிவிடும். வழியிலேயே நின்றுகொண்டு, ‘யாராவது வாங்க’ என்று கூப்பிடும். அப்போது ஊரில் ஓர் அறையில், மேசை முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தூரத்திலிருந்தே சக்கரத்தைப் பிடித்து லாரியை இறக்குவார். தூர ஓட்டுநர் என்று பெயர். நீலமுகில் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம்தான் இந்த விளையாட்டையும் வெளியிட்டிருந்தது. ஆண்டுதோறும் அது நடத்தும் போட்டியில் முன்னால் வருகிறவர்களை வேலைக்குக் கூப்பிடும்.

இந்துஜாவுக்கு அந்த வேலை வேண்டும். அவள் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போடும் இடத்தில் நின்றாள். பில்லை இயந்திரமே போட்டது. இயந்திரம் போட்ட பில்லை வாடிக்கையாளர் பார்த்துவிட்டாரா என்று பார்ப்பது அவள் வேலை. முப்பத்தாறு வயதில், ஒரு நாளில் ஒரு முறையாவது தானாக ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. கொண்டை ஊசி வளைவில் எடுக்க வேண்டியிருந்தது. முடிவு தவறினால் தேயிலைத் தோட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பரணிதரனின் தம்பி நவநீதன் வந்தான். காந்திபுரத்தில் பழைய கணினிகளை வாங்கி விற்கும் கடையில் இருப்பவன். கணினியைத் திறப்பதற்கு முன் வாயைத் திறப்பான்.

“புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துரு,” என்றான் பரணிதரன்.

“எதுக்குங்கண்ணா புதுசு? எங்க அடைச்சிருக்குதுன்னு பாத்து அதை மட்டும் மாத்துனாப் போதும்.” நவநீதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசி பஞ்சு போல் அடைந்திருந்தது. “அண்ணி, இத ஒரு கல்யாணப் பந்தின்னு வெச்சுக்கங்க.”

“சாப்பிட்டுட்டு வந்து ஆரம்பிக்கறயா? தோசை வார்த்துட்டு இருக்காரு உங்கண்ணன்.”

“ரெண்டு நிமிசம். இதா, நடுவுல இருக்கற இந்த ப்ராசசருதான் சமையல் மாஸ்டர். எல்லாத்தையும் முடிவு பண்றவரு. பக்கத்துல நீளமா நிக்குது பாருங்க, ராம், இது ஆக்குனதை எடுத்து வெக்கற மேசை. மேசை சின்னதா இருந்தா ஒரு குண்டாவை இறக்காம அடுத்ததை வெக்க முடியாது. அந்த மூலைல கரகரன்னு சத்தம் போடுதே, அது உக்கிராண அறை. அரிசி பருப்பு வேணும்னா அங்க போய் எடுத்துட்டு வரோணும். உங்களோடது பழைய சுத்தற தட்டு. ஒரு கிலோ பருப்புக்கு அரை மணி நேரம் தேடுது.”

“அப்பப் பரிமாறறது யாரு?”

நவநீதனின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கேள்வி கேட்கும் ஆள் கிடைப்பது அபூர்வம். “அங்கதான் வர்றேன். படத்தை எடுத்துத் திரைங்கற இலைல பரிமாறறதுக்குன்னே தனியா கிராபிக்ஸ் அட்டைன்னு ஒண்ணு இருக்குதுங்க. உங்க பெட்டில அது இல்ல. மாஸ்டரே கரண்டியோட இலைக்கு இலை ஓடி வர்றாரு. நல்ல மாஸ்டருதான், வயசானாலும் கை ஓயல. ஆனா எத்தனை வேலைய ஒட்டுக்காப் பாப்பாரு?”

“சரி, எதை மாத்தலாம்?”

“உக்கிராணம், மேசை, பரிமாறற ஆளு. மூணும் எங்க கடைலயே பழசா இருக்குது. மாஸ்டரை விட்டுருவோம்.”

அடுத்த வாரம் அவன் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தான். சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சத்தமே இல்லாத சிறு துண்டு ஒன்று போனது. ராம் இரண்டானது. கடைசியாக அட்டையை வெளியே எடுத்தான். செங்கல் அளவு, இரண்டு காற்றாடி, ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு.

“இது சும்மா அட்டை இல்லீங்க அண்ணி. முன்கை அட்டை.”

பரணிதரன் தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான். “அப்படின்னா?”

“நாம கையத் திருப்பறோம். அது கம்பில போயி, மாஸ்டருக்குத் தெரிஞ்சு, படம் வரைஞ்சு, திரைக்கு வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகுதுங்க. கண்ணுக்குத் தெரியாது. ஆனா கைக்குத் தெரியும், ஏதோ எருமைய ஓட்டற மாதிரி இருக்கும். அந்த இடைவெளியக் குறைக்கோணும்னு எல்லாருமே வெசையா வரையற அட்டையாச் செஞ்சுட்டிருந்தாங்க. அப்பறம் யாரோ ஒருத்தரு வேற மாதிரி யோசிச்சாங்க. கை திரும்பற வரைக்கும் ஏன் காத்திருக்கோணும்? மனுசன் பழக்கத்துல ஓடறவன்தானே? இந்த வளைவுல அண்ணி எப்பத் திருப்புவாங்கன்னு பத்து நாள் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போவுது. அதனால இந்த அட்டை உங்க கை திரும்பறதுக்கு முன்னாடியே திரும்புன படத்தை வரைஞ்சு வெச்சுக்கும். நீங்க திருப்புனதும் அதை நீட்டிடும். தப்பா ஊகிச்சிருந்தா அழிச்சுட்டு வேற வரையும்.”

“என்ற சம்சாரம் அடுத்து என்ன செய்வான்னு எனக்கே தெரியாது,” என்றான் பரணிதரன். “இதுக்குத் தெரியுமாக்கும்.”

“உங்களுக்குப் பத்து வருசமா நேரமில்ல மாமா. அது உக்காந்து பாக்கும்,” என்றாள் இந்துஜா.

நவநீதன் அட்டையைப் பொருத்தினான். திரையின் கம்பியை மேலே இருந்த பழைய துளையிலிருந்து உருவி, கீழே அட்டையின் துளையில் செருகினான். “படம் இந்த வாய் வழியா வெளிய போகும்போதுதான் முன்கை தன் வேலையக் காட்டும்,” என்றான். யாரும் கேட்கவில்லை. தோசை ஆறிக்கொண்டிருந்தது.

அன்று மாலை லாரி வெண்ணெய் போல் இறங்கியது. பாறைகளுக்கு நிழல் வந்தது, இலைகளில் ஈரம் வந்தது. இந்துஜா மேசை விளிம்பில் திருகியிருந்த சக்கரத்தைத் தொட்டால் போதும், மலை திரும்பியது. சில நாட்கள் போனபின் தொடுவதற்கு முன்பே திரும்புவது போல இருந்தது. அது உண்மையும்கூட என்று ஒரு பல்லிதான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தது.

ஒன்பதாவது வளைவு, ஒரு பக்கம் பள்ளம். இந்துஜா சக்கரத்தைத் திருப்பப் போகும் நேரத்தில் மேலே சுவரிலிருந்து பல்லி தொப்பென்று அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் அலறிக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். காலும் மிதியை விட்டது.

பரணிதரன் ஓடிவந்தான். “எந்தக் கை? வலதா, இடதா? காலண்டர்ல பலன் போட்டிருக்கும்.”

“மாமா, அங்க பாருங்க.”

திரையில் லாரி வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டு, ஒன்பதாவது வளைவை அழகாகத் திரும்பி முடித்திருந்தது. மூலையில் எண்கள் ஏறின. ‘அருமை!’ என்று எழுத்து மின்னியது.

இந்துஜா கைகளை இறக்கவில்லை. “நான் தொடவே இல்லீங்க.”

நவநீதனுக்குப் போன் போட்டாள். அவன் கொஞ்சமும் பதறவில்லை. “அது ஊகிச்சிருக்குதுங்க அண்ணி. உங்க கை ஒண்ணுமே செய்யலீன்னா, ஏதோ சிக்கல் போல இருக்குது, இவங்க இப்படித்தான் செய்வாங்கன்னு தானாச் செஞ்சு அனுப்பிடும்.”

“அனுப்பிடுமா? எங்க?”

“போட்டி நடத்தறவங்களுக்குத்தான். அங்க அது நீங்க திருப்புன மாதிரிதான் போய்ச் சேரும்.”

“நான் தப்பாத் திருப்புனா?”

“ரொம்பத் தப்பா இருந்தாக் கண்டுக்காதுங்க. உங்க நல்ல நாள்ல இருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்ட நாள் மேல ஒட்டிடும்.”

“அப்ப அந்த மார்க்கு யாருக்கு?”

“உங்களுக்குத்தான். உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே? அட போங்க அண்ணி, ஊரே இதுலதான் ஓடுது. போன மாசம் நம்ம மாமா பொண்ணு ரிசப்சன்ல கீபோர்டு வாசிச்சாரே ஒருத்தரு, பாதிப் பாட்டுல எந்திரிச்சுப் போய்ப் பாயசம் குடிச்சுட்டு வந்தாரு. பாட்டு நின்னுச்சா?”

நிற்கவில்லை. இந்துஜாவுக்கு நினைவிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் குனிந்து வணங்கியபோது எதற்காக வணங்குகிறோம் என்று தெரியாத ஒரு சிரிப்பு சிரித்ததும் நினைவிருந்தது.

அதற்குப் பிறகும் அவள் அந்த அட்டையில்தான் ஆடினாள். போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாரிடமும் முன்கை இருக்கும்போது தான் மட்டும் எருமை ஓட்டுவதா? ஆனால் ஒவ்வொரு வளைவிலும் மனதுக்குள் ஒரு கேள்வி முணுமுணுத்தது. இது நீயா, அதுவா? பதில் தெரியாமலேயே ‘அருமை!’ என்று மின்னியது.

ஆயுத பூஜை வந்தது.

பரணிதரனுக்குத் தீபாவளி பொங்கல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். சிங்காநல்லூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தான், பம்புக்கு உதிரி பாகம் கடைவது தொழில். பட்டறையில் பூஜை முடிந்ததும் காற்றடிக்கும் கம்ப்ரசரோடும் சந்தனக் கிண்ணத்தோடும் வீட்டுக்கு வந்து அங்கே இருக்கும் ஆயுதங்களைப் பிடிப்பான். மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், மூன்று கத்திகள், துணி காயப்போடும் ஸ்டாண்டு. கணினிக்கும் எட்டு வருஷமாகத் தவறாமல் நடக்கிறது. எல்லா வயரையும் உருவி வாசலுக்குத் தூக்கிவந்து, தகட்டைக் கழற்றி, புஸ்ஸென்று காற்றடித்துத் தூசியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவான். துடைத்து உள்ளே கொண்டுபோய் வயர்களை மாட்டுவான். பிறகு முன்னாலும் பின்னாலும் பொட்டு வைப்பான். அவன் வைக்கும் பொட்டு சின்னதாக இருக்காது.

“போதுமுங்க, அது என்ன தேரா?” என்றாள் இந்துஜா.

“உன்ற வேலைக்கு வழி பண்ணப்போற மிஷினு. குறை வெக்கலாமா?” என்று இன்னொரு விரல் சந்தனம் எடுத்தான்.

அன்று முழுக்க ஆயுதங்களுக்கு ஓய்வு. மறுநாள் மாலை பொரியைக் கொறித்துக்கொண்டே இந்துஜா கணினியைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது, காற்றாடிகள் சுற்றின. முதல் வளைவிலேயே லாரி தேயிலைக்குள் போனது.

மறுபடி ஓட்டினாள். இரண்டாவது வளைவில் பாறையில் மோதினாள். சக்கரம் கனத்தது. படம் நிற்கவில்லை, ஆனால் பழைய பளபளப்பு இல்லை. பாறைகளுக்கு நிழல் இல்லை, இலைகள் காய்ந்து கிடந்தன.

“அண்ணன் கம்ப்ரசர்ல காத்தடிச்சாருங்களா?” என்று போனில் கேட்டான் நவநீதன். “அதான். அட்டை படிச்சதையெல்லாம் மறந்திருக்கும். ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, முதல்ல இருந்து கத்துக்கும்.”

“நிழலுங்கூட விழுக மாட்டேங்குதே?”

“பின்ன? இப்ப அது உங்களப் பாக்கறதுல மும்முரமா இருக்குது. படிக்கற புள்ள கோலம் போட்டுட்டா இருக்கும்? அண்ணி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்தத் தடவை நல்லதை மட்டும் கத்துக் குடுங்க. போன தடவை உங்க அவசரத்தையும் சேத்துக் கத்துக்கிச்சு. மெதுவா, ஒவ்வொரு வளைவா, சரியாச் செஞ்சு காட்டுங்க.”

அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து இந்துஜா பந்தயம் ஓட்டுவதை விட்டுவிட்டுப் பாடம் நடத்தத் தொடங்கினாள். அட்டைக்குக் காது இல்லை என்று தெரிந்தாலும் வாய்விட்டுச் சொன்னாள்.

“இங்க பாரு. வளைவு தெரியறதுக்கு முன்னாடியே கியரை இறக்கிரோணும். உள்ள போனதுக்கப்புறம் பிரேக்கைத் தொட்டா பின்னாடி இருக்கற சரக்கு நம்மளத் தள்ளும்.”

“இப்ப எதிர்ல ஹாரன் கேக்குதா? ஏறி வர்றவனுக்குத்தான் வழி. நாம நிக்கறோம். நின்னாக் கேவலம் இல்ல.”

“தப்புப் பண்ணிட்டேன், இதக் கத்துக்காத. மறுபடியும் போலாம்.”

பரணிதரன் கதவருகே நின்று கேட்டான். “யாரு கூடப் பேசற அம்மணி?”

“அட்டை கூடங்க.”

“என்ற லேத்து கூட நான் பேசுனப்ப டாக்டர்கிட்டப் போலாம்னு சொன்னயே?”

“உங்க லேத்து கேக்காது மாமா. இது கேக்குது. நேத்து சரியா வராத ஏழாவது வளைவு இன்னிக்கு எப்படி வந்துச்சு பாத்தீங்களா?”

அட்டை நல்ல மாணவனாக இருந்தது. முதலில் மெதுவாக, பிறகு நிதானம் குறையாமல் வேகமாக. போட்டி தொடங்கியபோது அவள் சக்கரத்தைத் தொட்டதும் மலை திரும்பியது, முன்பு போலவே. மூடுபனி சுற்றில் மற்றவர்கள் பாறைகளில் மோதிக்கொண்டிருக்க, அவள் ஹாரன் ஒலியை வைத்தே வழிவிட்டு வழிவிட்டு இறங்கினாள். ஒரே ஒரு முறை, பழைய பல்லி நினைவில், வளைவின் நடுவே கையை எடுத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

கோவை வட்டாரத்தில் முதலாவதாக வந்தாள். பரணிதரன் பட்டறையில் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான்.

நீலமுகில் நிறுவனத்திலிருந்து திலகவதி என்ற அதிகாரி கூப்பிட்டார். “சனிக்கிழமை காலைல வந்துருங்க. இங்க பரீட்சை எல்லாம் கிடையாதுங்க, நேரா நிஜ லாரிதான். கோத்தகிரில இருந்து காய்கறி லோடு. உள்ள மயில்சாமின்னு ஒருத்தரு இருப்பாரு.”

“அவரு டிரைவருங்களா?”

“இல்லீங்க. கயிறு இறுக்கறது, டயருக்குக் கட்டை போடறது அவரு வேலை. அவருக்கு ஓட்டத் தெரியாது. நீங்கதான் ஓட்டோணும்.”

இந்துஜா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். “உங்க மேசைல முன்கை அட்டை இருக்குதுங்களா?”

அந்த அம்மாள் சிரித்தார். “விளையாட்டுக்குச் சரிங்க. மனுசன் உக்காந்திருக்கற வண்டிய ஊகத்துல ஓட்ட முடியுமா?”

மாலை நவநீதன் இனிப்போடு வந்தபோது, “நான் போகல,” என்றாள்.

“என்ன அம்மணி இது?” என்றான் பரணிதரன். “ஆறு மாசமா இதே நினைப்பா இருந்துட்டு!”

“ஓட்டுனது நான் இல்லீங்க. என்ற மாதிரி ஒண்ணு ஓட்டுச்சு. அந்த மயில்சாமி யாருன்னே எனக்குத் தெரியாது. பள்ளத்துக்கு மேல என்ற கைய நம்பி உக்காந்திருப்பாரு. கைதான் அங்க இல்லியே?”

நவநீதன் இனிப்புப் பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தான். “வேணும்னா அட்டையக் கழட்டிப் பைல போட்டுட்டுப் போலாமுங்க. நைசா அங்க மாட்டி…”

“நவநீதா.”

“சரிங்க அண்ணி.”

“தப்பா ஊகிச்சா அழிச்சுட்டு வேற வரையும்னு சொன்னயே. மயில்சாமிய எப்படி மறுபடி வரையும்?”

நவநீதன் இனிப்புப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“எல்லாருந்தான் போறாங்க,” என்றான் பரணிதரன், குரலைத் தாழ்த்தி. “ரெண்டாவது வந்தவன், மூணாவது வந்தவன், எல்லாருகிட்டயும் இது இருக்கும். அவங்க போவாங்கல்ல?”

“அதனாலதான் மாமா இன்னும் பயமா இருக்குது.” அவள் எழுந்தாள். “அதைக் கழட்டிரு நவநீதா. அது இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன். எவ்வளவு பொய் சொல்லியிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தம்மாவுக்குப் போன் பண்றேன்.”

நவநீதன் போன் வெளிச்சத்தோடு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனான். கணினியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. சற்று இழுத்தான். பிறகு அசையவில்லை. வெளியே நீட்டியிருந்த அவன் பாதங்கள் இரண்டும் அப்படியே நின்றன.

“என்னடா, பாம்பா?” என்றான் பரணிதரன்.

“அண்ணா, ஆயுத பூஜைக்கு அப்பறம் இந்த வயரை யாராச்சும் தொட்டீங்களா?”

“யாரு தொடறா? நான்தான் மாட்டுனேன், அதோட சரி.”

“அண்ணி, சித்த வாங்க இங்க.”

இந்துஜா குனிந்து எட்டிப் பார்த்தாள். திரையின் கம்பி மேலே, அட்டை வருவதற்கு முன்பு இருந்த பழைய துளையில் செருகியிருந்தது. கீழே அட்டையின் துளைகள் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து ஓடு போல் இறுகியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

“காலியா இருந்துச்சு, அதான் பொட்டு வெச்சேன்,” என்றான் பரணிதரன், எதற்குக் குற்றவாளி ஆகிறோம் என்று தெரியாமல். “வயரு எப்பவும் மாட்டற எடத்துலதான மாட்டுனேன்?”

“எப்பவும்னா?”

“எட்டு பூஜையா அந்த ஓட்டைலதான் மாட்டறேன். கை தானாப் போகுது.”

நவநீதன் மேசைக்கு அடியிலிருந்தே பேசினான். அவன் குரல் மெல்ல மெல்லப் பழைய உற்சாகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. “அப்பப் படம் அட்டை வழியாப் போகவே இல்லீங்க, முன்கை எதையும் ஊகிக்கவும் இல்ல. காத்தாடி சும்மா சுத்தியிருக்குது, விளக்கு சும்மா எரிஞ்சிருக்குது. மாஸ்டரேதான் பரிமாறியிருக்காரு! அதான் நிழலு இல்ல. ஆனா படம் நிக்கல பாத்தீங்களா? அப்ப ஆரம்பத்துல அடைச்சிருந்தது உக்கிராணமும் மேசையுந்தான். அதை மாத்துனதே போதும். அண்ணி, இந்த அட்டை உங்களுக்குத் தேவையே பட்டிருக்காது!”

“டேய்,” என்றான் பரணிதரன்.

“இல்லண்ணா, தொழில் ரீதியாச் சொல்றேன்.”

“போட்டி பூஜைக்கு அப்பறந்தான ஆரம்பிச்சுது?” என்று பரணிதரன் கேட்டான்.

இந்துஜா தரையில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. முதலில் சின்னதாக, பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

“அப்ப இத்தனை நாளும் கத்தி கத்திப் பாடம் எடுத்தனே,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதைக் கேட்டுட்டு இருந்தது யாரு?”

சனிக்கிழமை காலை கட்டுப்பாட்டு அறையில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இந்துஜா நேராகத் திலகவதி மேடத்திடம் போய் அட்டை, பல்லி, சந்தனம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்ற ஏழு பேரையும் பார்த்தார். ஆளில்லாத லாரி ஒன்றை மைதானத்தில் நிறுத்தி, முதலில் அதை ஓட்டிக் காட்டச் சொன்னார். நான்கு பேர் நேராக மதிலில் இடித்தார்கள். ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்து, பையிலிருந்து தன் அட்டையை எடுத்துச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தார். கீபோர்டுக்காரருடைய அதே சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

இந்துஜா தன் முறையில் எதிலும் இடிக்காமல் மைதானத்தை முடித்தாள், அடுத்து மலை. கோத்தகிரிப் பாதையில் பனி திரை போல் தொங்கியது. திரையில் பாறைகளுக்கு நிழல் இல்லை. நிஜத்திலும் பனிக்குள் நிழல் விழாது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். சக்கரம் கனத்தது, அது அவளுக்குப் பழகிய கனம். லாரிக்குள்ளிருந்து ஒலிபெருக்கி வழியே முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டது.

“வணக்கமுங்க, மயில்சாமிங்க. போலாமுங்களா?”

“போலாமுங்க.”

முதல் வளைவு பனிக்குள்ளிருந்து மங்கலாக எழுந்தது. அவள் கை கியரை முன்பே இறக்கியிருந்தது. அது இறங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கீழே எங்கோ ஹாரன். அவள் நிறுத்தினாள்.

“பாரு, ஏறி வர்றவனுக்குத்தான் வழி,” என்றாள், பழக்கத்தில். “நாம நிக்கறோம். நின்னாக் கேவலம் இல்ல.”

முறுக்குச் சத்தம் நின்றது. “யாருகிட்டங்க பேசறீங்க?”

இந்துஜா சக்கரத்தின் மேல் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள். “புதுசா ஒருத்தரு கத்துக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டங்க.”

மேலே ஏறி வந்த பேருந்து விளக்கை ஒரு முறை சிமிட்டிவிட்டுக் கடந்து போனது. மயில்சாமி மறுபடி முறுக்கைக் கடித்தார்.

“நல்லாக் கத்துக் குடுங்க அம்மணி,” என்றார். “நான் உள்ள உக்காந்திருக்கேன்.”